பந்து இல்லாத பக்கம்

ஸ்ரீரங்கம்
ஏப்ரல் 22

அன்புள்ள மாப்பிள்ளை ஜோஸ் அவர்களுக்கு,

அமிர்தசாமி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இவ்வளவு கோணலாக எழுதுகிறவன் உங்கள் மாமனார் ஒருவன்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராகக் காலமெல்லாம் நின்றுகொண்டே எழுதிய கை, தரை ஆடாவிட்டால் இதற்கு எழுத வராது. உங்கள் ஊர்ப் பெயரை நான் எழுதினால் தபாலாபீசில் சிரிக்கிறார்கள். அதனால் ஜாஸ்லின் அனுப்பிய பழைய பார்சலிலிருந்து முகவரியை வெட்டி ஒட்டிவிட்டேன்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். போன் உங்கள் அத்தையிடம் இருக்கிறது. அதில் உங்கள் நம்பர் இப்போது இல்லை. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை, வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். தவிர, போனில் பேசி என்ன ஆகப்போகிறது? நான் மூச்சு விடுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் விடுவது எனக்குக் கேட்கும். ஜாஸ்லினை அந்த ஊர் மண்ணில் வைத்த பிறகு நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதானே.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பாஸ்கெட்பால் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

வருஷா வருஷம் இந்த வெயில் காலத்தில் விடியற்காலை அவளிடமிருந்து போன் வரும். "அப்பா, பிளேஆஃப் ஆரம்பிச்சாச்சு. நானும் இவரும் உக்காந்து பார்த்துட்டிருக்கோம்" என்பாள். யார் யாரை ஜெயித்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்வாள். நான் புரிந்த மாதிரி "அடடே" என்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாஸ்கெட்பால். இப்போது போன் வருவதில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. கோயிலில் பெருமாளை எழுப்புகிற நேரம். அவரைப் பாட்டுப் பாடி எழுப்புகிறார்கள், என்னை யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் காது போனையே கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் முதல் பஸ் பிடித்துப் பாலக்கரையில் ஜெகபர் சாதிக் பாய் வீட்டுக்குப் போய்விடுகிறேன். என் பஸ்ஸின் டிரைவராக இருந்தாரே, அவர்தான். அவர் டிவியில் அந்தச் சேனல் வருகிறது. பாய் தொழுகை முடித்து வந்து டீ போடுகிறார், இரண்டு கிழவர்களும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

முதல் சுற்றை வைத்து என் அபிப்பிராயம். ஒன்று, எல்லோரும் ரொம்ப உயரம். "இவனுங்க வீட்ல நெலப்படியெல்லாம் எப்படி வச்சிருப்பான் அமிர்தம்?" என்று பாய் கவலைப்படுகிறார். இரண்டு, சிவப்புச் சட்டைக்காரர்கள்தான் கோப்பை வாங்குவார்கள் என்று நான் சொன்னேன். சொன்ன மறுநாளிலிருந்து தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள். "ரெண்டு ஆட்டத்தை வச்சு யாரையும் எடை போடக் கூடாதுப்பா" என்று ஜாஸ்லின் சொல்வாள். கடிதம் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சுற்றே முடிந்திருக்கும், நான் சொன்னதை வைத்து யாரும் என்னைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது, உங்கள் ஊர் வெள்ளைச் சட்டை அணியில் நாற்பத்து நாலாம் நம்பர் ஒருவர். மொட்டைத் தலை, கொஞ்சம் தொப்பை கூட இருக்கிறது. அவர் பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிராளி ஓடி வருகிற வழியில் போய்ச் சும்மா நிற்கிறார். அவன் வந்து இவர் நெஞ்சில் மோதுகிறான். அந்த இடைவெளியில் இவருடைய கூட்டாளி பந்தோடு போய்க் கூடையில் போட்டுவிடுகிறான். கைதட்டல் அவனுக்கு. இவர் விலா எலும்பைத் தடவிக்கொண்டு திரும்பி ஓடுகிறார். டிவிக்காரன் இவரைக் காட்டுவதே இல்லை.

நம் ஜாஸ்லின் காலேஜ் டீமில் ஆடினது இந்த வேலைதானா?

எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிற படம் ஞாபகம் இருக்கிறதா? பேப்பரில் வந்தது. நடுவில் அந்த உயரமான பெண் பந்து போடுகிறாள். ஓரத்தில் ஒரு முழங்கையும் பாதிச் சடையும். அந்த முழங்கைதான் என் மகள். வீட்டுக்கு யார் வந்தாலும் முழங்கையைக் காட்டி "இது நம்ம பொண்ணு" என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஆடிய மேட்ச் எல்லாவற்றுக்கும் போனேன், ஒன்றும் புரியாமல். ஒரு மேட்சில் எதிர் டீம் பெண் ஓடி வந்து இடித்ததில் ஜாஸ்லின் மல்லாந்து விழுந்தாள். எனக்குத் தாங்கவில்லை. சட்டைப் பையில் கண்டக்டர் விசில் இருந்தது. எடுத்து ஊதிவிட்டேன். பஸ்ஸையே நிறுத்துகிற விசில், ஆட்டம் நிற்காதா? எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த நேரத்தில் அவள் கூட்டாளி போட்ட கூடை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு கூடையில்தான் தோற்றார்கள். வீட்டுக்கு வந்து, "நான் விழுந்தாத்தாம்பா அவ போக முடியும். நீங்க போயி விசில் அடிச்சு நிறுத்திட்டீங்களே" என்று அழுதாள். விழுந்ததற்கு அழவில்லை.

சரி. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கேத்திக்குக் கோடை லீவு வருமே. பேத்தியை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் அத்தை வாயைத் திறந்து கேட்க மாட்டாள். ஆனால் மணப்பாறைப் பக்கம் போகிறவர்களிடம் முறுக்கு வாங்கி வரச் சொல்கிறாள். எங்களுக்கு அதைக் கடிக்கிற பல் கிடையாது. பிள்ளை வந்தால் இருக்கட்டும் என்றுதான் டப்பாவில் போட்டு வைக்கிறாள், நமுத்துப் போகிறது, மறுபடி வாங்குகிறாள்.

பதிலைப் பாய் முகவரிக்குப் போடுங்கள். பின்னால் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்
மாமா


மே 3

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களிடமிருந்து கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். உள்ளே என்ன திட்டு இருக்குமோ என்ற பயம்தான், மறைப்பானேன்.

அந்த நாற்பத்து நாலாம் நம்பர் செய்வதற்கு ஸ்கிரீன் என்று பெயர். ஆமாம், ஜாஸ்லின் செய்ததும் அதுதான். அதற்குக் கணக்கில் புள்ளி கிடையாது. எதிராளி வருகிற வழியில் காலை ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும், மோதப்போகிறான் என்று தெரிந்தும் நகரக் கூடாது. "பந்து இருக்கிற பக்கம் பார்க்காதீங்க, இல்லாத பக்கம் பாருங்க, அங்கதான் ஆட்டமே" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள். அவள் போன பிறகு நான் ஆட்டம் பார்ப்பதையே விட்டிருந்தேன். இந்த வருஷம்தான் மறுபடி.

மாமா, நீங்கள் வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் அடக்கம் இங்கேயேதான் என்று நான் சொன்ன அன்றைக்கு நீங்கள் போனில் சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. "எம்பொண்ணையும் தொலைச்சிட்டு, அவளப் பொதைக்கிற மண்ணையும் எங்கிட்டேர்ந்து பிடுங்கிட்டீங்க." பனியில் வழுக்கிய கார் என்னுடையது. ஓட்டியது அவள். நான் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் குடும்பக் கல்லறையில் உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். பெட்டியை அனுப்பப் பாதி ஏற்பாடும் செய்துவிட்டேன். அப்போது கேத்தி, "அம்மாவ எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்ட எனக்கு இந்த ஊரிலேயே ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். அன்றைக்கு நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

லீவு விஷயம் பார்க்கலாம். இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது. இங்கே சில காரியங்கள் இருக்கின்றன.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்ல முடியாது என்றால் வேண்டாம்.

ஜோஸ்


ஸ்ரீரங்கம்
மே 9

மாப்பிள்ளை,

உங்கள் பதில் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் எழுதுகிறேன். இந்தத் தடவை வேடிக்கை இருக்காது.

நேற்று விடியற்காலை ஆட்டம் உங்கள் ஊரில். இரண்டாம் சுற்று. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பின்தங்கியிருந்தார்கள். நான் மொட்டைத் தலையரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் ஜனங்களைக் காட்டுவார்களே, அப்படிக் காட்டினார்கள். கூடைக்குப் பின்னால், மூன்றாவது நாலாவது வரிசை.

கேத்தியைப் பார்த்தேன்.

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசைக்கு இங்கே வந்தபோது வெடிச் சத்தத்துக்கு எப்படிப் பொத்திக்கொண்டாளோ அதே மாதிரி, கட்டை விரல் மேலே நீட்டிக்கொண்டு. வளர்ந்திருக்கிறாள். ஆனால் அந்தக் கை மாறவில்லை. பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். முகம் சரியாகத் தெரியவில்லை, குனிந்து குழந்தையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் கிளிப்பச்சை மஃப்ளர். ஓரத்தில் ஆரஞ்சுப் பூ. உங்கள் அத்தை பின்னியது. முதல் குளிருக்கு என்று பின்னி, பூவை மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் போட்டாளே, அது. "இந்தக் கலரைப் போட்டுக்கிட்டு நின்னா ஏரோப்ளேன் நம்மள பார்த்து எறங்கிரும்மா" என்று ஜாஸ்லின் கேலி பண்ணினாளே, அதுதான்.

நான் எழுந்து டிவியைத் தொட்டுவிட்டேன். டிவி சூடாக இருந்தது. படம் மாறி மறுபடி ஆட்டம். பாய் அடுப்படியில் இருந்தார். ஓடிவந்து, "என்னய்யா, என்ன ஆச்சு? நெஞ்சு வலியா?" என்றார். "எம்பொண்ணு, பாய்" என்றேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கேபிள் டிவி, போனது போனதுதான், திரும்ப வராது.

எனக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறார்கள். எடுத்த கண்ணால்தான் பார்த்தேன். மற்றதைப் பொத்திக்கொண்டு தெருவில் போர்டெல்லாம் படித்துச் சோதித்துவிட்டேன்.

மாப்பிள்ளை, அந்தப் பெண் யார்? என் மகளுடைய மஃப்ளர் அவள் கழுத்துக்கு எப்படிப் போனது?

இதையும் கேட்டுவிடுகிறேன். அடக்கத்தன்று எங்களுக்கு விசா கிடைக்காமல் போனில் பார்த்தோம் அல்லவா. பெட்டி திறந்திருக்கும்போதே படம் நின்றுவிட்டது. உங்கள் கை அவள் கழுத்துப் பக்கம் நீண்டது, நீண்டபடியே உறைந்துவிட்டது. பிறகு படம் வந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். உங்கள் அத்தை அன்றைக்கு, "சங்கிலியக் கழட்டுறாரு பாருங்க" என்றாள். அதற்குப் பிறகு உங்கள் பேரையே சொல்வதில்லை. நான் "இருக்காது" என்றேன். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் கைதான், மாப்பிள்ளை. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நிற்கிறது.

மாமா


மே 19

அன்புள்ள மாமா,

இதை நான் நான்காவது தடவையாக எழுதுகிறேன்.

சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கிறது. நான் எதையும் கழற்றவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னால் அந்த மஃப்ளரை அவள் கழுத்தில் சுற்றினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மண்ணை இயந்திரத்தால் உடைத்துத் தோண்டியிருந்தார்கள். அவளுக்குக் குளிர் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்த்த கை அந்தக் கைதான். இத்தனை நாளும் நீங்கள் இரண்டு பேரும் அதை அப்படியா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்!

ஆகவே அந்த மஃப்ளர் இந்த உலகத்தில் யார் கழுத்திலும் இருக்க முடியாது.

ஆனால், மாமா, அன்றைக்கு நாங்கள் அங்கே இருந்தோம். கூடைக்குப் பின்னால், நான்காவது வரிசை. நான் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தேன். கேத்தி சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டாள், பக்கத்தில் இருந்தவர் குனிந்து சமாதானம் செய்தார். நீங்கள் பார்த்தது உண்மை. நான் மறைத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டீர்கள்.

அவர் பெயர் சுஜா. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நர்ஸ். திண்டுக்கல்காரர். போன வருஷம் கேத்தி காய்ச்சலில் கிடந்தபோது பழக்கம். இந்த ஆகஸ்டில் திருமணம் செய்துகொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் "சில காரியங்கள்" என்று எழுதினேன்.

அன்றைக்குச் சுஜா போட்டிருந்தது கறுப்புக் கோட்டு. கழுத்தில் ஒன்றுமே இல்லை. அவரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். நான் எடுத்த போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு, வெறும் கழுத்து.

பிறகு நீங்கள் பார்த்தது என்ன, மாமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். சுஜா வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து எனக்கு ஜாஸ்லின் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, ஜாஸ்லின் அங்கேதான் நின்று டிவி பார்ப்பாள். அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்குக் கால் தயங்குகிறது. கேத்தியும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள். ஏன் என்று கேட்டால், "சும்மா" என்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அவளுக்குப் பிடிக்கவில்லை. இது என்னுடையது என்று காட்டுகிறாள்.

நீங்கள் அவளைப் பெற்றவர். நீங்கள்தான் பார்த்தீர்கள். அது என்ன சொல்ல வந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் நான் நிறுத்திவிடுகிறேன்.

ஜோஸ்


ஸ்ரீரங்கம்
மே 30

மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. பாய் வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் நடந்து காவேரிப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் இல்லை, வெறும் மணல். தெரிந்த கண்டக்டர் பையன் ஒருவன் பஸ்ஸை ஸ்லோ பண்ணச் சொல்லி, "என்னண்ணே, ஏறலையா?" என்றான். கையை ஆட்டிப் போகச் சொன்னேன்.

உள்ளதைச் சொல்கிறேன். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மகள் வந்திருக்கிறாள், வந்து தடுக்கிறாள் என்று. எங்கள் மேல் இருக்கிற பாசம் விட்டுப் போகவில்லை என்று. நீங்கள் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டால் எனக்கு நீங்கள் யார்? கேத்தி யாரை அம்மா என்று கூப்பிடுவாள்? அந்தம்மாவுக்குத் திண்டுக்கல்லில் அப்பா அம்மா இருப்பார்கள். லீவுக்கு அங்கே போகும் பிள்ளை. முறுக்கு அங்கேயும் கிடைக்கும்.

இதெல்லாம் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

என்ன பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் அத்தைக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் சங்கிலி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மொட்டைத் தலையர் அணி அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. பாய் சொன்னார். நான் பார்க்கப் போவதில்லை.

அமிர்தசாமி


ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாமல் இருந்ததால்தான் ஒரு கை இத்தனை காலம் அந்தரத்தில் நின்றது.

அத்தை, நான் சங்கிலியைக் கழற்றவில்லை. நீங்கள் பின்னிய பச்சை மஃப்ளரை அவள் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆரஞ்சுப் பூ மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். அப்படித்தான் அவள் போட்டுக்கொள்வாள். அது அவளோடு இருக்கிறது.

மாமா டிவியில் பார்த்ததை அவரே சொல்லட்டும். அவர் பார்த்த இடத்தில் இருந்தவர் பெயர் சுஜா. அவரை நான் திருமணம் செய்துகொள்ள நினைத்திருந்தேன். மாமாவின் கடிதம் வந்த பிறகு நிறுத்தி வைத்திருக்கிறேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மஃப்ளர் உட்பட. அவர் சிரிக்கவில்லை. "அவங்க வீட்ல சொல்ற வரைக்கும் நான் வரலைங்க" என்று சொல்லிவிட்டார். கேத்தி தினமும் ஜன்னலோரம் நின்று பார்க்கிறாள். இந்தப் பிள்ளை இரண்டாம் தடவையாகக் காத்திருக்கிறது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சொல்லிவிடுங்கள்.

ஜோஸ்


ஸ்ரீரங்கம்
ஜூன் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தபால்காரர் வந்தபோது நான் வீட்டில் இல்லை. எப்போது வேண்டுமோ அப்போது நான் வீட்டில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. காய்கறிப் பையோடு உள்ளே நுழைகிறேன், உங்கள் அத்தை கூடத்தில் முழங்கைப் படத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கடிதம். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் கிடக்கிறது. எனக்குப் பை நழுவிவிட்டது. வெங்காயம் உருண்டு அவள் காலடிக்குப் போனது.

"பாய் வீட்டுக்கு டீ குடிக்கத்தான் போறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"டீயும் குடிச்சேன்" என்றேன்.

அதற்கு அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடிதத்தை நீட்டி, அந்த இடத்தை விரலால் தொட்டு, "இத மட்டும் படிங்க" என்றாள். படித்தேன். "இன்னொரு தடவ" என்றாள். பூ மேலே தெரிகிற மாதிரி என்பது வரைக்கும் படித்தேன். மறுபடியும் அங்கேயே நிறுத்தச் சொன்னாள்.

"அப்ப குளிராமத்தான் இருக்கா" என்றாள்.

மாப்பிள்ளை, சித்திரை வெயிலில்கூட இவள் ஏன் போர்த்திக்கொண்டு படுக்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. வயசானதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். "அவ அந்தப் பனிக்குள்ள கெடக்குறா, எனக்கு எப்படி வேர்க்கும்?" என்று அன்றைக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் வெங்காயம் பொறுக்கினேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

பிறகு நான் டிவியில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேத்தி காதைப் பொத்தினது, அந்தப் பெண் குனிந்தது, கழுத்தில் கிளிப்பச்சை. அவர் போட்டிருந்தது கறுப்புக் கோட்டுதான் என்றும், உங்கள் பயத்தையும், என் சந்தோஷத்தையும்கூடச் சொன்னேன். "நம்ம பொண்ணு தடுக்குறா போல இருக்கு ரோசு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சில்லறை கொடுக்காத கண்டக்டரைப் பார்க்கிற மாதிரி.

"ஏங்க, அவளா தடுப்பா? வெறுங்கழுத்தோட ஒரு பொம்பளப்புள்ள அந்தக் குளிருல எம்பேத்தியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. அவ என்ன பண்ணுவா? தன்னோடதக் கழட்டிப் போட்டு விட்டிருப்பா. அவ யாருன்னு பார்த்தா போட்டு விடுவா? காலேஜுல ஸ்வெட்டரக் கழட்டி எவளுக்கோ குடுத்துட்டு நடுங்கிக்கிட்டு வந்தவதான?"

இரண்டு மாதமாக விழுந்து விழுந்து பாஸ்கெட்பால் பார்த்தவன் நான். ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவள் சொல்கிறாள்.

அது அவள்தானா, என் கண்ணா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நிற்பதாகச் சொன்னீர்களே, நிற்கட்டும். பயப்பட வேண்டாம். நகரச் சொல்லவும் வேண்டாம். அவள் நிற்கிறாள் என்றால் யாரையோ போக விடத்தான் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்குத் தெரிந்த வேலை அதுதானே.

உங்கள் அத்தை ஆகஸ்டு என்றால் எந்தக் கிழமை என்று கேட்கிறாள். தாய் வீட்டுப் புடவை ஒன்று திண்டுக்கல்லிலிருந்து வரும், அது அவர்கள் முறை. இங்கேயிருந்து ஒன்று போக வேண்டும், இது எங்கள் முறை. "நம்ம பொண்ணு இருக்கிற வீட்டுக்கு வர்றவ நமக்கும் பொண்ணுதான்" என்கிறாள். லீவு முடிவதற்குள் மூன்று பேருமாக வந்துவிட்டுப் போங்கள். பெரியகடை வீதியில் துணி எடுக்க இப்போதே கிளம்பிவிடுவாள் போலிருக்கிறது. போன் இனிமேல் கூடத்து அலமாரியில் இருக்கும். உங்கள் நம்பரை அவளே போட்டுவிட்டாள். அழிக்கும்போது மனப்பாடம் செய்துவிட்டுத்தான் அழித்திருக்கிறாள்.

கடைசி ஆட்டத்துக்குப் பாய் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை அவளும் வந்தாள். பாய் வீட்டம்மா நஜ்முன்னிசா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். கோப்பையை மொட்டைத் தலையர் அணி வாங்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தத் தடவை அவர்கள்தான் வாங்குவார்கள் என்று நான் பாயிடம் சொல்லியிருந்தேன், பிறகு எப்படி வாங்கும்?

ஆனால் முடிகிற நேரத்தில் ஒன்று நடந்தது. அவர் போய்க் காலை ஊன்றி நின்றார். எதிரே ஒரு மலை மாதிரி ஆள் ஓடி வந்தான். மோதப்போகிறான் என்று எல்லோருக்கும் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது. மோதினான். மனுஷர் மல்லாந்து விழுந்தார், தலை தரையில் பட்ட சத்தம் பாலக்கரையில் கேட்டது. பாய், "அமிர்தம், பந்து அந்தப் பக்கம் போகுதுய்யா, நீ எங்க பார்க்குற?" என்று கத்துகிறார்.

நான் விழுந்து கிடந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் கூடைக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் பச்சையாக ஏதோ ஒன்று அசைந்தது. கொடியாக இருக்கலாம். என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. ரிட்டையர் ஆகி இத்தனை காலம் ஆகியும் அந்த விசில் அங்கேதான் இருக்கிறது. விரலில் தட்டுப்பட்டது.

வெறுங்கையை வெளியே எடுத்துவிட்டேன். ஆட்டம் அதுபாட்டுக்குத் தொடர்ந்து போனது.

அன்புடன்
மாமா

பி.கு. சுஜாவின் அளவு ரவிக்கை ஒன்றை உடனே அனுப்பவும். உங்கள் அத்தை எழுதச் சொல்கிறாள்: கழுத்தை ரொம்ப இறக்கித் தைக்கச் சொல்ல மாட்டாளாம், அந்த ஊர் குளிருமாம்.